ஐம்பத்திரண்டு வேனும் ஒரு ரப்பர் குழாயும்

நாங்கள் விற்ற வேன் தீப்பிடிக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிற லைட் வயர் ஒரு தகர விளிம்பில் உரசுகிறது. தோல் கிழிந்தால் பொறி பறக்கும். ஈரோட்டில் ஒன்று அப்படித்தான் புகைந்தது. கம்பெனி கடிதம் போட்டது: விற்ற ஐம்பத்திரண்டு வண்டியையும் திரும்பக் கூப்பிடு, வயருக்கு ரப்பர் குழாய் மாட்டு, அனுப்பு. பத்து நிமிஷ வேலை.

கோயமுத்தூரில் அந்த வேன்களை விற்ற டீலரிடம் அப்போது நான் சர்வீஸ் போர்மேன். தொண்ணூறுகள், பாதிப்பேர் வீட்டில் போன் கிடையாது. ரிப்பேரான வண்டியைச் சரிசெய்வது தொழில். நன்றாக ஓடுகிற வண்டியை ரிப்பேர் என்று சொல்லி வரவழைப்பது தலையெழுத்து. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

சும்மா என்றால் சந்தேகம்

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் வந்தார். காசு வேண்டாம் என்றேன். முகம் மாறிவிட்டது. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவோம் என்று நினைப்பு. கூட வந்த மச்சானை வண்டியருகே காவல் நிறுத்தினார். மச்சான் மெக்கானிக்கின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வேலை முடிந்தது. பண்ணைக்காரர் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். "ஏனுங்க, இத்தனூண்டு சாமானுக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க? இன்னும் என்னமோ இருக்குது, மறைக்கறீங்க!"

பியூஸ்

மேட்டுப்பாளையத்து வாழைத்தார் வியாபாரி. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அவரே அதைப் பிடுங்கிவிட்டு, செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தார். உள்ளே பார்த்தால் வயர் கருகி, தோல் உரிந்து தொங்குகிறது. இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் வண்டியும் இல்லை, தாரும் இல்லை, அவரும் இல்லை.

கம்பியை உருவி அவர் கையில் வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாஞ் செரீங்க. பியூஸ் போறது நின்னுபோச்சுங்கல்ல?"

எட்டு

ஐம்பத்தொன்று முடிந்தது. ஒன்று வரவில்லை. நம்பர் 1205. கூட்டினால் எட்டு. ராசியில்லையென்று முதலில் வாங்கிய கொடுமுடிக்காரர் விற்றுவிட்டார். அதையே சொல்லி அடுத்தவரும் விற்றார். ஆர்.சி. புத்தகத்தில் ஒருவரும் பெயர் மாற்றவில்லை. மூன்றாமவரைத் தேடிப் பிடித்தேன். "கைமாறிருச்சுங்க. இப்பப் பள்ளிக்கூட டிரிப் அடிக்குதாம். எந்த ஊருன்னு தெரியலீங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்ரோல் பங்குகளில் வைக்கலாமென்று '1205 வேன்காரர் உடனே வரவும்' என்று போர்டு எழுதக் கொடுத்தேன். கோட்டைமேட்டில் வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிற பாய் கடை. நம்பரைப் பார்த்ததும் பாய் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "எட்டாம் நம்பர் ராசி வண்டிதானுங்களே? வாங்கறவங்க எல்லாம் பழைய பேரை அழிச்சுப்போட்டுப் புதுப்பேர் எழுத இங்கதான் வருவாங்க. கடைசியா 'பள்ளி வாகனம்'னு எழுதினேன். காரமடைங்க." கடையைச் சாத்தினார். என் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

காரமடையில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வேன் நிறையப் பிள்ளைகள், டிரைவர் சாவியைத் திருகுகிறான். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் பாய் குதித்து ஓடி, வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். டிரைவர் ஹாரனை அமுக்கினான். மனுஷன் நகரவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திறந்து பார்த்தேன். வயர் தோலில்லாமல் செம்பு பளபளக்கிறது. அங்கேயே, பள்ளிக்கூட வாசலிலேயே, வயரை மாற்றிக் குழாய் மாட்டினேன். முடித்ததும் பிள்ளைகள் எதற்கென்றே தெரியாமல் கை தட்டின. டிரைவர் மட்டும், "நான் அப்பவே சொன்னேனுங்க, எட்டு ஆகாதுன்னு!" என்றான். பாய் விடவில்லை. "வயருக்குக் கூட்டல் தெரியுமாடா?"

ஐம்பத்திரண்டில் ஒன்றும் எரியவில்லை, பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது, அந்தக் கடைசி வண்டியை மறித்ததோ கம்பெனி கேள்விப்பட்டேயிராத பெயின்டர் காதர் பாய்.