முடக்குத் திரும்பும் வரை

சென்ற செவ்வாய்க்கிழமை, சுவிஸின் கூர் நகரில் எங்கள் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றபோது சாந்தி எனக்குப் போன் எடுத்தாள். முன்பு எங்களோடு வேலை செய்தவள். "அக்கா, மிச்சிகோ அக்கா செத்துப்போனாவாம். போன கிழமையே எல்லாம் முடிஞ்சுதாம்."

"விசர்க்கதை கதையாதை. அவ ஜப்பானிலை எல்லோ நிக்கிறா" என்று ஏசிவிட்டு வைத்தேன். ஜப்பானில் இல்லை. இரண்டு மாதமாக இதே ஊர் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்திருக்கிறார். என் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பு.

அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஊர்ஸ் என்ற சுவிஸ்காரரைக் கட்டி ஜப்பானிலிருந்து இங்கே வந்தவர். பன்னிரண்டு வருடம் நானும் அவரும் ஒரே மாடியில் ஹோட்டல் படுக்கைகளை விரித்தோம். "நடந்துகொண்டு தின்னாதை" என்று என் கையிலிருந்த ரோல்ஸைப் பறித்து, கதிரையில் இருத்திவிட்டுத் திருப்பித் தந்தவர்.

அவர் வீட்டுக்கு முதல்முறை சொல்லாமல்தான் போனேன். தமிழர் நாங்கள் அப்படித்தானே! உள்ளே கூட்டித் துடைக்கும்வரை வாசலிலேயே நிற்க வைத்தார். நான் காலிலிருந்து உதறிய சப்பாத்தை எடுத்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார். "என்னை வெளியிலை கலைக்கிறியளோ?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்பதை அப்படியே டொச்சில், ஜெர்மன் மொழியில், சொன்னேன். றோட்டில் இறங்கித் திரும்பினால் வாசலிலேயே நிற்கிறார். ஏதோ சொல்ல மறந்துபோனாவாக்கும் என்று திரும்பிப் போனேன். வணக்கமாகக் குனிந்தார். மறுபடி நடந்தேன், மறுபடி நின்றார், மறுபடி போனேன். "தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கட்டோ?" என்றார். நான் வாறன் என்றதை உண்மையென்று நம்பிவிட்டார்! "வந்தவர் றோட்டு முடக்குத் திரும்பி மறையும்வரை கதவைச் சாத்தக்கூடாது. அவரும் அந்த இடத்தில் ஒருக்கால் திரும்பிப் பார்க்க வேணும்" என்று அன்றுதான் விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு ஒருநாளும் நாங்கள் தவறவில்லை.

கடைசியாகப் போனில் கதைத்தார். "தங்கச்சியைப் பார்க்க ஜப்பான் போறன்" என்றார். பிறகு, நான் பழக்கிய தமிழில், "போயிட்டு வாறன்" என்றார். எங்கள் சொல்லை எடுத்து எனக்கே பொய் சொல்லியிருக்கிறார். இது துரோகம் இல்லாமல் வேறென்ன? இத்தனை வருடமும் நான் சிநேகிதியா, வந்துபோன விருந்தாளியா?

ஊர்ஸிடமே கேட்கப் போனேன். பாவம், மனிதர் தலை நிமிரவில்லை. "உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். விருந்தாளி யார் வந்தாலும் சிரித்துச் சமாளிப்பேன், அவள் வந்தால் அழுதுவிடுவேன் என்றாள்."

அவருடைய பணிவை நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள், நல்லது. எனக்கு மிஞ்சியது கோபம்தான். அதை நான் ஆறவிடப் போவதில்லை. அழுதிருக்கலாமே அக்கா. நான் என்ன பிறத்தியாளோ?