எழுநூற்றைம்பது கிலோவுக்குள்

என் அத்தானுக்கு ஊரில் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் இருபத்தாறு வருஷமாக லாரிகளை எடை போடுகிறார். அனுமதித்த அளவுக்கு மேல் பத்துக் கிலோ ஏறியிருந்தாலும் வண்டி திரும்பித்தான் போக வேண்டும். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், பர்ஸைத் திறந்து குழந்தை போட்டோவைக் காட்டுவார்கள். "நான் என்ன பண்றது? மேடை சொல்லுது" என்பார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே மனுஷன் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

மேடை சொன்னால் கேட்பார். மனுஷர் சொன்னால் கேட்கமாட்டார். அதிலும் என் அக்கா சொன்னால் சுத்தம். அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அக்கறை நிறைய உண்டு, காதுதான் கிடையாது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி, எடைமேடைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவராக ஏற்றி எடை பார்த்தார். பத்துப் பத்தாகக் காட்டுகிற மேடை. எனக்கு எழுபது என்றது. சாப்பாடு அப்புறம்தான் வந்தது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் இந்த மனுஷன் ஒரு டிரெய்லர் கட்டினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய், ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ நிறுத்தி, உள்ளே படுத்துத் தூங்குகிற டிரெய்லர். யாரோ வேண்டாமென்று போட்ட, படகு ஏற்றிப்போகிற வண்டியின் சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்து, அதற்கு மேல் தகடு போர்த்தினார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நடுவில் ஒரு குழந்தையைச் செருகலாம். நிற்க முடியாது. பின்பக்கம் பெரிய மூடி ஒன்று. அதைத் தூக்கினால் சமையல் மேடை. வெளியே நின்று, மூடிக்குக் கீழே குனிந்து சமைக்க வேண்டும். யார் சமைப்பது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வருஷா வருஷம் விடுமுறைக்குப் போனார்கள். அத்தானும் மகளும் ஏரியில் கல் எறிவார்கள், மீன் வராத தூண்டிலோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மூன்று வேளையும் மூடிக்குக் கீழே. அந்த வருஷங்களின் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். மகள் சிரிப்பாள், அத்தான் சிரிப்பார், பின்னால் அக்காவின் முதுகு இருக்கும். ஒரு போட்டோவிலாவது முகம் தெரிகிறதா என்று நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. போதாததற்கு, போன வருஷப் பயணத்தில் கூரை அவள் பக்கமாகப் பார்த்து ஒழுகியது. அத்தான் பக்கம் ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்ததும் அக்கா சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எனக்கு ரெண்டே விஷயம். என் பக்கம் ஒழுகக் கூடாது. ஏறி இறங்க ஒரு படி வேணும். இது ரெண்டும் இல்லேன்னா நான் வரலை. நீங்க போய்ட்டு வாங்க."

"மொத்தமாப் புதுசாக்கிடறேன் பாரு" என்றார் அத்தான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. நான் கார் சீட் தைக்கிறவன். கடைக்குப் பின்னால் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. மெத்தைக்கு உறை மட்டும் தைத்துக் கொடு மச்சான் என்று வந்தவர், மறுநாள் டிரெய்லரையே கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனார். பத்தே நாள் என்றார். மூன்று மாதம் நின்றது. என் ஃபோம் கட்டுகள் எல்லாம் வாசலில் வெயில் காய்ந்தன.

கூரைத் தகட்டை உரித்தால், கீழே பிளைவுட் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அதைப் பிரிக்கப் போனால் ஒரு ஸ்குரூவுக்கு ஒரு ஸ்பேனர், அடுத்ததற்கு வேறு ஸ்பேனர். பதினாலு வருஷத்தில் கைக்கு எது கிடைத்ததோ அதை முடுக்கியிருக்கிறார். துருப்பிடித்த ஸ்குரூ ஒன்றை நான் தூக்கிப் போட்டால், அவர் பொறுக்கி டப்பாவில் போடுவார். "நல்ல ஸ்குரூ மச்சான் இது." நான் பல்லைக் கடித்துக்கொண்டு உறை தைத்தேன்.

ஒழுகலை ஒழுங்காகத்தான் சரி செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். புதுப் பலகை, புதுத் தகடு, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் உள்ளே படுத்துப் பார்த்தார். அதுவும் அக்கா படுக்கிற பக்கத்தில். அதோடு ஒரு படியையும் அடித்துவிட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

படியை விட்டுவிட்டு, சமையல் பக்கம் திரும்பினார். இரண்டு அடுப்பு. தண்ணீர்த் தொட்டி. பாத்திரம் கழுவ எவர்சில்வர் தொட்டி. குழாயில் தண்ணீர் வர மோட்டார், மோட்டாருக்கு பேட்டரி. உப்புக்கும் சர்க்கரைக்கும் மிளகுக்கும் தனித்தனியாக இழுப்பறை. பக்கத்தில் மடித்து நீட்டுகிற மேஜை. ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து நேரே கொட்டகைக்கு வருவார், கையில் புதிதாக ஏதாவது ஒன்று இருக்கும்.

"மேடையை இடுப்பு உயரத்துக்கு ஏத்திட்டேன் மச்சான். உங்க அக்கா இனிமே குனியவே வேண்டாம்."

"அத்தான், அக்கா கேட்டது படி."

"அது எவ்வளவு நேரம், கடைசியில ஒரு பலகை அடிச்சா முடிஞ்சுது."

எடையாவது பாருங்கள் என்றேன். அவருடைய சின்னக் காரில் சட்டப்படி எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. என் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாமே என்றேன். கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். அவர் கணக்கில் எடைமேடையைத் தவிர மற்ற தராசெல்லாம் விளையாட்டுச் சாமான். "எல்லாம் முடிஞ்சு மொத்தமா மேடையில ஏத்துவோம். கூடுதல்னு சொல்லிச்சுன்னா கழட்டிட வேண்டியதுதான். எனக்கு ஒரு நியாயம், லாரிக்காரனுக்கு ஒரு நியாயமா?"

வேலை முடிகிற வாரம் ஒரு நாள் காலையில் அக்கா கொட்டகைக்கு வந்தாள். அத்தான் மூடியைத் தூக்கி, குழாயைத் திறந்து காட்டி, இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். அக்கா டிரெய்லரைச் சுற்றி வந்தாள்.

"எப்படி?" என்றார்.

"படி எங்கே?"

"வருது வருது."

அவர் சந்தோஷமாக வேலைக்குப் போனார். அக்கா என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வீட்ல இருபத்தஞ்சு வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறேன். அங்கேயும் அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். அதுவும் ரெண்டு! நான் அந்த ஏரியை உக்காந்து பாத்ததே இல்லடா தம்பி. மகளுக்கு நீச்சல் வந்ததே எனக்கு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும்."

"அதை அவர்கிட்ட சொல்லேன் அக்கா."

"சொல்லலைன்னா நினைக்கிறே? போன வருஷம் சொன்னேன், சமைச்சுச் சமைச்சு இடுப்பு விட்டுப்போகுதுன்னு. அதுக்குத்தான் இடுப்பு உயரத்துல மேடை! இனி என்ன சொன்னா மூணாவது அடுப்பு வைப்பாரோ தெரியலை. அந்தச் சமையல் கட்டு இருக்கிற வரைக்கும் நான் வரப்போறதில்லை. என்னைக்குமே."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னது கோபத்தில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. மகளும் இல்லாமல், அவளும் வராமல், அத்தான் தனியாக அந்த ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ இப்ப என்ன எடைடா?"

"அதே எழுபதுதான். ஏன்?"

"அவர் மேடை சொன்னாத்தானே கேப்பார்?" என்றாள்.

புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். முடியவே முடியாது என்றேன். ஐம்பது வயதில் ஆள் ஒளிகிற விளையாட்டா என்றேன். அக்கா எழுந்து போய்விட்டாள். அவள் எழுந்து போனால் நான் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம்; சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

சனிக்கிழமை காலை மூவரும் காரில் போனோம், டிரெய்லர் பின்னால் வந்தது. எடைமேடை வாசலில் நிறுத்திவிட்டு, காலை டூட்டிக்காரரிடம் சொல்லப் போனார் அத்தான். அக்கா டிரெய்லர் கதவைத் திறந்து, "ஏறு" என்றாள். ஏறினேன். திரும்பி வந்தவரிடம், "தம்பி டீ குடிக்கப் போயிருக்கான்" என்று அவள் கூசாமல் சொன்னது பலகை வழியாகவே கேட்டது.

டிரெய்லரை மேடையில் ஏற்றி, கொக்கியைக் கழற்றி, காரை முன்னால் நகர்த்தினார். நான் தைத்த மெத்தையிலேயே மல்லாந்து கிடந்தேன். புதுப் பசை நாற்றம் மூக்கைத் துளைத்தது. எந்த நேரமும் தும்மல் வரலாம். திரைச்சீலை இடுக்கில் எண் பலகை தெரிந்தது. எண்ணூறு. எண்ணூற்றுப் பத்து. மறுபடி எண்ணூறு. நான் மூச்சைப் பிடித்தேன். எண்ணூற்றுப் பத்தில் நின்றது.

பின்னால் நின்ற லாரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. "அண்ணே, அறுபது கிலோ கூட இருக்கே!" என்றான் ஒருவன். "பாவம், விட்டுடுங்கண்ணே, சொந்த வண்டிதானே" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தான் எண் பலகையை வெகுநேரம் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். காரில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எடை அறைக்குள் போனார். சீட்டு அடிக்கிற இயந்திரம் கரகரவென்று ஓடியது. வெளியே வந்தபோது கையில் ஸ்பேனர்.

முதல் போல்ட் என் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் கழன்றது. பிறகு ஒவ்வொன்றாக. தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, பேட்டரி. மூன்று மாதச் சாயங்காலங்களை அரைமணி நேரத்தில் கழற்றித் தரையில் வைத்தார். ஒரு முணுமுணுப்பு இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இந்த மனுஷன்மேல் மூன்று மாதம் எரிச்சல்பட்டவன், அங்கே படுத்துக்கொண்டு என்மேலும் அக்காமேலும் எரிச்சல்பட்டேன். வெளியே வந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கதவில் இரண்டு தட்டு.

"மச்சான், இறங்கு. சரியான எடை பாக்கணும்."

அசடு வழிய இறங்கினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எண் பலகை அறுநூற்றைம்பது என்றது. உள்ளே போய் இன்னொரு சீட்டு அடித்துக்கொண்டு, இரண்டையும் காருக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது சீட்டில் 650, வேறொன்றும் இல்லை. முதல் சீட்டில் 810 என்று இருந்தது. அதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில்: உள்ளே ஆள் ஒருவர், 70 கிலோ. நீங்கலாக 740. நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அடித்த சீட்டு.

எழுநூற்று நாற்பது. சமையல் கட்டு முழுசாக இருந்தும் பத்துக் கிலோ குறைவு.

"எண்ணு ஆடுச்சு" என்றார் அத்தான். "பலகையும் தகடும் ஆடாது. மூச்சு விடுற ஆள் உள்ளே இருந்தாத்தான் ஆடும். எத்தனை லாரியில பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுதான் கழட்டினீங்களா?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "எடைதான் சரியா இருந்துச்சே."

"எடை சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நீ இவனைப் பிடிச்சு உள்ளே படுக்க வைக்கிற அளவுக்கு வந்திருக்கேன்னா, நான் எத்தனை தடவை கேக்காம இருந்திருக்கேன்?" காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ வராம நான் மட்டும் போய் என்ன பண்றது?"

அக்கா முதல் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். காரை விட்டு இறங்கி மெதுவாக டிரெய்லர் கதவுப்பக்கம் போய் நின்றாள்.

"படி எங்கே?" என்றாள்.

அத்தான் திருதிருவென விழித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், தரையில் கிடந்த இழுப்பறைப் பெட்டியைத் தூக்கிவந்து கதவுக்குக் கீழே கவிழ்த்தார். அக்கா ஒரு காலை வைத்துப் பார்த்தாள்.

"ஆடுது."

லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மேடையில் மண்டியிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஏறு" என்றார்.