தாத்தாவின் சலவைக்கல் முகம்

ஜமீன் ஒழிந்தபின் எங்கள் அரண்மனைச் சேகரிப்பில் மிஞ்சியது தாத்தாவின் மார்பளவுச் சிலை ஒன்றுதான். சலவைக்கல்லில் செதுக்கியது. பம்பாய் மாட்டுங்காவில் நான் குடியிருந்த இரண்டறை வீட்டின் கூடத்தில் பாதியை அதுவே அடைத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தபோது, சிலையை ஓர் அருங்காட்சியகத்துக்கு அளிப்பதென்று முடிவுசெய்தேன். விலை கேட்கவில்லை. கீழே தாத்தாவின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. செம்பூரிலிருந்த என் தங்கைக்கும் அதுவே ஆசை. கணவனை இழந்தபின் தையற்கடைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்து வாழ்ந்தவள் அவள். குடும்பத்தின் பெயர் ஏதாவது ஒரு சுவரிலாவது நிற்கட்டும் என்றாள்.

சிலையைப் பார்வையிட வந்த அதிகாரி பம்பாயிலேயே பிறந்த தமிழர். தாத்தா இத்தாலிக்குச் சென்று ஒரு சிற்பியின்முன் அமர்ந்ததையும், அங்கே குடுமியை எடுத்துவிட்டதால் சிலையில் கிராப்பு இருப்பதையும், என் தகப்பனார் சொன்ன சொற்களிலேயே அவருக்குச் சொன்னேன்.

அவர் கண்களைத் தடவிப் பார்த்தார். இவ்வகைச் சிலைகளில் விழியை வழவழப்பாக விட்டுவிடுவார்களே, இதில் கருவிழியை ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். அதை விளக்குவதில் எனக்குப் பெருமையே இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் அரண்மனைப் பெண்கள் அந்தக் குருட்டுப் பார்வையைக் கண்டு மிரண்டார்களாம். ஆகவே கோயில் ஸ்தபதியை வரவழைத்து, நல்ல நேரம் பார்த்து, சாமி சிலைக்குச் செய்வதுபோலவே உளியால் கண்ணைத் திறந்து, முதலில் கண்ணாடியைக் காட்டினார்களாம்.

அவர் நெற்றியையும் தாடையையும் நெடுநேரம் ஆராய்ந்தார்.

"சார், கண்ணத் திறந்த அதே உளிதான் நெத்தியில திருநீறும் போட்டிருக்கு. தாடி இருந்திருக்கு, அதையும் செதுக்கி எடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி இது வேற யாரோட மூஞ்சியோ."

வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது இத்தகைய சிலைகள் ஏலத்தில் போனதுண்டு, ஜமீன்தார்கள் வாங்கியதுண்டு என்றார். கண் திறந்தபின் அது வெறும் கல்லன்று, யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவரே என்று நான் வாதிட்டேன். என் குரல் உயர்ந்திருக்கக்கூடும்.

"பூஜைக்கு அது போதும் சார். கீழ பேர் எழுதுற போர்டுக்குப் போதாது."

மரியாதையாகவே சொன்னார். 'பெயர் தெரியாத ஐரோப்பியர்' என்று எழுதச் சம்மதித்தால் எடுத்துக்கொள்வதாகவும், அளித்தவர் என்று என் பெயரைப் போடலாம் என்றும் கூறினார். இயலாது என்று சொல்லி, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் செம்பூருக்குப் போனேன். விதிமுறைகள் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எந்தச் சுவரில் வைக்கப்போகிறார்கள் என்று தங்கை ஆவலோடு கேட்டபோது பொய் வாயில் வரவில்லை. முழுவதையும் சொன்னேன்.

"ஏண்ணே, வருசா வருசம் திதிக்கு நாம மாலை போட்டது எவனோ ஒரு வெள்ளக்காரனுக்கா?" என்று சிரித்தாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள்.

"அப்பம் நம்ம தாத்தா எப்படி இருந்தாவ?"

படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று கேமராவை உள்ளே விடாத வீடு எங்களுடையது. அந்த வீட்டின் தலைவர் சிலைக்கு அமர்ந்தார் என்பதை, இவ்வளவு படித்த நான், ஒருநாளும் சந்தேகித்ததில்லை. தகப்பனார் கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா இறந்துவிட்டார். அவரை நேரில் பார்த்தவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.