என் கடை நத்தையின் குடும்ப மரம்

என் மனைவி நத்தைகளுக்கு வம்சாவளி பார்க்கிறவள். லேபில் வேலை. நத்தைகளின் மரபணுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், யாருக்கு யார் உறவு என்று ஒரு மரம் வரும். கிளைக்குக் கிளை ஓர் எண் இருக்கும். அந்தக் கிளைக்கு அப்பால் இருப்பவை ஒரே குடும்பம் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்பலாம் என்பது அந்த எண். கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றிக்கூட அவள் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். பல்பு வாங்கப் போனாலும் கடையிலேயே ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்க்கிற ரகம்.

நான் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கால்வாயில் புது வகை நத்தை இருக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதே ஜாடையில் சில நத்தைகள் என் கடையில், பஞ்சர் பார்க்க ட்யூபை முக்கும் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நானே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். லேபின் தலைவர் தன் கம்ப்யூட்டரில் மரத்தைத் திறந்தபோது, கால்வாய் நத்தைகளும் என் நத்தைகளும் சேர்ந்த கிளையில் 96 இருந்ததாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் தொட்டியில் புது இனம் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

அதே ஃபைலை இவள் தன் சாஃப்ட்வேரில் திறந்தாள். அந்தக் கிளையில் 43. அந்த 96 ஒரு கிளை தள்ளி, கால்வாய் நத்தைகளுக்கு மட்டும் இருந்தது. என் நத்தைகள் வெளியே நின்றன.

"தலைவரே 96னு சொல்றார். அதையே போட்டுட்டுப் போயேன்" என்றேன்.

"ஒரே ஃபைல், ரெண்டு பதில்னா ஒண்ணு பொய் சொல்லுதுங்க. எதுன்னு தெரியாம கட்டுரையில எதைப் போட்டு அனுப்புறது?"

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தாள். "பதில் தெரிஞ்ச மரம் ஒண்ணு போட்டுப் பார்ப்போம். நம்ம குடும்பத்தையே போடுறேன்." நான், என் தம்பி, மாமியார், மச்சான், பூனை. நானும் தம்பியும் சேரும் கிளைக்கு 100 எழுதினாள்.

"எங்கம்மாவையும் உங்க ரெண்டு பேரோட சேர்த்தா?"

அடுத்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து போடு" என்றேன்.

ஃபைலில் மரத்தின் வேர் ஏதாவது ஓர் இடத்தில் இருக்குமாம். அதைத் தூரத்து உறவின் பக்கம் திருப்பி வைத்தால்தான் மரத்தைச் சரியாகப் படிக்க முடியும். எங்கள் வீட்டில் தூரத்து உறவு பூனைதான். முதலில் தன் சாஃப்ட்வேரில் திருப்பினாள். எனக்கும் தம்பிக்கும் 100. சரிதான். பிறகு இன்னொரு சாஃப்ட்வேரில் திருப்பினாள். நான், தம்பி, மாமியார் மூன்று பேரும் ஒரே கிளை. அதில் 100.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் சொன்னது? எங்கம்மா பெத்தது எங்க ரெண்டு பேரைத்தான்! சுத்தப் பொய் இது. தூக்கிக் குப்பையில போடு!"

"யாரை மாப்பிள்ளை குப்பையில போடணும்?" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு விளக்கினாள். எண் கிளைக்குச் சொந்தம். ஆனால் ஃபைலில் அதைக் கிளையின் நுனியில் உள்ள கணுவில் எழுதி வைப்பார்கள். வேரைத் திருப்பும்போது எண்ணும் தன் கிளையோடு போக வேண்டும். சில சாஃப்ட்வேர் அதைக் கணுவிலேயே விட்டுவிடும். அப்போது எண் பக்கத்துக் கிளைக்குப் போய்விடும்.

"இதுதாங்க உங்க நத்தைக்கு 96 குடுத்த சாஃப்ட்வேர்" என்றாள், மெதுவாக.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கு மாமியார் எப்படியோ, கால்வாய் நத்தைகளுக்கு என் நத்தைகள் அப்படி. நத்தைக்காக மாமியாரை உடன்பிறப்பாக ஏற்றுக்கொண்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, யோசித்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருவில் அடித்த தம்பட்டம் அவளுக்கும் தெரியும்.

"43ன்னே போடு" என்றேன்.

வருத்தமாகத்தான் இருந்தது. எனக்காகக்கூட ஓர் எண்ணை நகர்த்தாதவள் என்று நினைத்தபோது பெருமையாகவும் இருந்தது. அவள் தலைவருக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். நான் கடைக்குக் கிளம்பினேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் என் நத்தை சாதாரண நத்தைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.