நாற்பத்தொன்றாம் எண்ணிலிருந்து வந்த அழைப்பு

ஊரில் எல்லோரும் அவளை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலை பார்த்த தொலைபேசி நிலையம் இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியர் ஒருவர் கடை விரித்திருக்கிறார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒரு காலத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டில் கல்யாணம் நின்றாலும், செய்தி முதலில் அவள் காது வழியாகத்தான் போகும். "அக்காவுக்குத் தெரியாம இந்த ஊர்ல தும்மக்கூட முடியாது" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

ஒன்றை மட்டும் யாரும் கவனித்ததில்லை. தன் வீட்டில் தொலைபேசி அடித்தால் அக்கா எடுக்கமாட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும், சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துதான் எடுப்பார். அவர் மருந்துக்கடை வைத்திருந்து, முழங்கால் வலி வந்தபின் விற்றுவிட்டவர். ஏன் எடுக்கவில்லை என்று ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. காரணம் அவருக்குத் தெரியும்.

அக்கா ஓய்வு பெற்ற மறு வருடம் ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் வீடு தேடி வந்தார். பள்ளியில் பூகோளம் நடத்தியவர். நின்றாலும் நடந்தாலும் கையில் ஒரு கோப்பு இருக்கும்.

"எக்ஸ்சேஞ்சுல இருந்த பழைய ஸ்விட்ச்போர்டை நம்மகிட்ட குடுத்திருக்காங்க அக்கா. அதை எப்படி இயக்குறதுன்னு தெரிஞ்ச ஆள் ஊர்ல நீங்க ஒருத்தர்தான். வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும். சம்பளம் கிடையாது, டீ உண்டு."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். "எந்தெந்த நாள்?" என்று கேட்டுவிட்டாள்.

அருங்காட்சியகம் என்றால் மூன்றே அறைகள்தான். முதல் அறையில் தராசுகளும் தையல் இயந்திரங்களும். இரண்டாவதில் புகைப்படங்கள். மூன்றாவதில், ஜன்னலுக்கு எதிரே, ஆளுயர மரப்பெட்டியாக அந்த ஸ்விட்ச்போர்டு. நூறு எண்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை மூடி. ஊரில் யாராவது தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினால் அவர் எண்ணின் மூடி பொத்தென்று விழும். கம்பி முனையிலுள்ள செருகியை அந்த எண்ணின் துளையில் செருகி, "எண் என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வருகிறவர்களுக்கு அக்கா அதைச் செய்து காட்டுவாள். நூறு மூடிகளையும் துடைப்பாள். நாற்பத்தொன்றைத் துடைக்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

அந்த மூடி தானாக விழும். தெருவில் லாரி போனால் விழும், கதவை வேகமாகச் சாத்தினால் விழும். உள்ளே இருக்கும் கொக்கி தேய்ந்துவிட்டது என்றார் பழுது பார்க்க வந்த மின்பணியாளர். இருக்கலாம். ஆனால் காலையில் அவள் வந்து அறையைத் திறக்கும்போது, தொண்ணூற்றொன்பது மூடிகள் மூடியிருக்க அந்த ஒன்று மட்டும் வாய் பிளந்து கிடக்கும். அதை மேலே தள்ளி மூடிவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

குளிர் மாதங்களில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். வசந்தம் வந்ததும் ஜன்னல்களைத் திறந்து, விளிம்பில் செத்துக் கிடக்கும் ஈக்களைக் கூட்டித் தள்ளி, அந்துருண்டை வாடையை வெளியே விரட்டுவதுதான் முதல் வேலை. அதன்பின் வரிசையாக நிகழ்ச்சிகள்: துப்புரவு நாள், பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டும் நடை, வீட்டில் கிடக்கும் புகைப்படங்களைக் கொண்டுவரும் நாள். அந்த வருடம் கடைசி நிகழ்ச்சியாக ஒரு கண்காட்சி. ஊரின் நூல் ஆலை எரிந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது.

விளக்க அட்டைகளில் எழுத்துப் பிழை பார்க்கும் வேலையைப் பொறுப்பாளர் அக்காவிடம் கொடுத்தார். ஏழாவது அட்டையில் அவள் கண் நின்றுவிட்டது. "ஞாயிறு பிற்பகல் இரண்டு இருபதுக்குப் புகை காணப்பட்டது. காவலாளி உறங்கிவிட்டதால் இரண்டு முப்பத்தைந்துக்குத்தான் தொலைபேசியில் தகவல் தரப்பட்டது. மேல்மாடியில் இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மூவரும் காவலாளியும் இறந்தனர்."

பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வாரமே துப்புரவு நாள். புதிதாக ஒரு பெண் தொண்டு செய்ய வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கண்ணாடிப் பெட்டிகளைக் கழுவும் வேலை இருவருக்கும் சேர்ந்து விழுந்தது. நர்ஸ் மூலை முடுக்கு விடாமல், காயத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"நீ இந்த ஊர்தானாம்மா?"

"பொறந்தது இங்கதான். ஏழு வயசுல அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. போன வருஷம்தான் நானா மாற்றல் கேட்டு வந்தேன்."

"இந்த ஊருக்கா? கேட்டு வாங்கிட்டு வர்ற ஊரா இது!"

நர்ஸ் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்தாள். "ஆலையில காவலுக்கு இருந்தவரு எங்கப்பா. கண்காட்சி வைக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவரைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கணும்னுதான் பேர் குடுத்தேன்."

அக்கா துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

"பள்ளிக்கூடத்துல என்னை 'தூங்குமூஞ்சி மக'ன்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள் நர்ஸ். "வேற ஊருக்குப் போனோம், அங்கயும் யாரோ சொல்லி வந்து சேந்துடுச்சு. அம்மா மட்டும் சாகுற வரைக்கும் ஒத்துக்கல. 'உங்கப்பாவுக்கு ராத்திரியிலயே தூக்கம் வராது, பகல்லயா தூங்குவாரு'ம்பாங்க."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. தலை வலிக்கிறது என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வயது இருபத்து மூன்று. நிலையத்தில் அவள் மட்டும். ஞாயிறு பிற்பகலில் ஊரே உண்ட மயக்கத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு அழைப்பு வந்தால் அதிகம். அவளுக்கு நிச்சயமாகியிருந்த மருந்துக்கடைக்காரரும் கடையில் தனியாக இருப்பார். அழைப்பு இல்லாத நேரத்தில் அவர் எண்ணில் செருகியைச் செருகி இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். விதிப்படி தப்பு. எல்லாப் பெண்களும் செய்தார்கள்.

இரண்டு இருபத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று விழுந்தது. மூடி விழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது ஊறிப்போன பழக்கம்; அதனால் நேரம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். நாற்பத்தொன்று ஆலை. ஆலைக் கடிகாரத்தைச் சரிவைக்க, ஞாயிறுதோறும் ஏறக்குறைய அந்த வேளைக்குக் காவலாளி கூப்பிட்டு மணி கேட்பார். மணி கேட்கத்தானே, இருக்கட்டும் என்று விட்டாள். காதில் மருந்துக்கடைக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கப்போகும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை விழுந்த மூடி, அந்தப் பக்கம் எத்தனை தடவை கைப்பிடியைச் சுற்றினாலும் மறுபடி விழாது. சத்தமும் வராது. அவள் செருகியைச் செருகியபோது மணி இரண்டு முப்பத்தைந்து. பன்னிரண்டு நிமிடம்.

தீயணைப்பு நிலையத்துக்கு உடனே இணைப்புக் கொடுத்தாள். வண்டி போனபோது மாடி இடிந்து இறங்கிவிட்டது. காவலாளியைப் படிக்கட்டில் கண்டெடுத்தார்கள், முகம் மேலே பார்த்தபடி. விசாரணையில் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அழைப்பை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?" இரண்டு முப்பத்தைந்து என்றாள். பொய் இல்லை. அதை வைத்து மற்றதை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அட்டையைப் பற்றியும் நர்ஸைப் பற்றியும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மேசை விரிப்பின் மடிப்பை நீவினார்.

"இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அந்தப் பொண்ணு என் பக்கத்துல நின்னு கண்ணாடி தொடைக்குதுங்க. அதுக்கு மேல என்னால முடியல."

அவர் எழுந்து போய்ச் சட்டையை எடுத்து நாற்காலியில் தொங்கவிட்டார். "சனிக்கிழமை அந்தப் பொண்ணு வர்றப்போ நானும் வரேன். அந்தப் பக்கம் லைன்ல இருந்தது நான்தானே."

இதைப் பற்றி அவர்கள் வாய் திறந்து பேசியது அந்த நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நர்ஸ் பின்முற்றத்தில் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. மணி, நிமிடம், யாரோடு பேசினாள், ஏன் எடுக்கவில்லை, விசாரணையில் என்ன சொன்னாள், எதைச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. அதுவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அவளோட பேசிக்கிட்டிருந்தது நான்தாம்மா" என்றார் வீட்டுக்காரர். நர்ஸ் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எத்தனை தடவை சுத்தியிருப்பாரு?" என்று கேட்டாள்.

அந்தக் கணக்கை அக்கா போடாத நாள் இல்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் யாரோ சைக்கிள் பெடலைச் சுற்றும்போது, பேரன் பொம்மைக்குச் சாவி கொடுக்கும்போது.

"அம்மா போய் ஏழு வருஷம் ஆச்சு" என்றாள் நர்ஸ். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம் நீங்க. ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்." குழாயடியில் முழங்கை வரைக்கும் கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு, ஆஸ்பத்திரியில் கழுவுவதுபோல. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழாவது அட்டையை மாற்ற வேண்டும் என்று அக்கா கேட்டபோது பொறுப்பாளர் முதலில் தயங்கினார். "விசாரணை அறிக்கையில இருக்கிறதைத்தானே அக்கா நாம எழுத முடியும்?"

"அறிக்கையில இருக்கிறதும் நான் சொன்னதுதான் சார். இப்போ மிச்சத்தையும் சொல்றேன், எழுதிக்கோங்க."

அவர் கோப்பைத் திறந்து எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. கீழே அக்கா கையெழுத்துப் போட்டாள். கேட்காமலே வீட்டுக்காரரும் போட்டார். ஏழாவது அட்டை மாறியது: "இரண்டு இருபத்து மூன்றுக்கே காவலாளி தொலைபேசியில் அழைத்தார். அழைப்பு பன்னிரண்டு நிமிடம் எடுக்கப்படவில்லை. அதுவரை அவர் விடாமல் அழைத்தார். பிறகு மற்றவர்களைக் காப்பாற்ற உள்ளே போனார்."

கண்காட்சி திறந்த அன்று அறுபது பேர் வந்தார்கள். வெளியே ஆப்பிள் மரம் பூத்துக் குலுங்கியது. உள்ளே நிற்க இடமில்லை. பொறுப்பாளர் பேசி முடித்ததும் அக்கா ஸ்விட்ச்போர்டின் பக்கத்தில் நின்று தன் வாயாலேயே சொன்னாள். நான்கைந்து வாக்கியம்தான். பின்வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். மாடியில் இறந்த மூவரில் ஒருவர் அவருடைய அண்ணன்.

"எங்க வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம வந்தீங்களே அக்கா" என்றார் மெதுவாக. "எங்கம்மா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் போனபின் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ரொட்டிக்கடையில் அவளுக்கு ரொட்டி மறுக்கவில்லை. அக்கா என்று கூப்பிடுவது மட்டும் நின்றது. "அடுத்து" என்பார்கள். தெருவில் சிலர் தலையசைத்தார்கள், சிலர் எதிர்ப்பக்கம் போனார்கள். அருங்காட்சியகத்துக்கு இனி வர வேண்டாமா என்று அவளே கேட்டாள். பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "செவ்வாய்க்கிழமை யாரு திறப்பாங்க?" என்றார்.

நர்ஸ் கண்காட்சிக்கு வரவில்லை. தொண்டு வேலையை விடவும் இல்லை. வருகிற கிழமையை மட்டும் வியாழனுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் துடைத்த கண்ணாடியை அக்காவால் அடையாளம் காண முடிந்தது. ஒரு விரல் ரேகைகூட இருக்காது.

வசந்தம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம், வருகையாளர் யாரும் இல்லை. அக்கா புகைப்படங்களின் பின்புறத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேலை உடையோடு வந்து மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரவில்லை.

"எங்கப்பா குரல் எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். "முகம் போட்டோவுல இருக்கு. குரல் இல்ல. அதைக் கடைசியா கேட்டது நீங்கதான்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவரு என்ன சொன்னாரோ, அதை அப்படியே சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

நாற்பது வருடமாக அந்தக் குரலிடமிருந்து தப்பித்து ஓடியவள் அவள். வீட்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் காத்திருந்தது அதுதான். இப்போது அதைத் தன் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். தேட வேண்டியிருக்கவில்லை. அது அங்கேயே இருந்தது, ஓர் எழுத்துகூடத் தேயாமல்.

"கொஞ்சம் கட்டைக் குரல். மூச்சு வாங்குச்சு. கோபமே இல்ல. 'வந்துட்டீங்களாம்மா... நல்லவேளை. ஆலையில தீ. வண்டி வரச் சொல்லுங்க. மேல ஆளுங்க இருக்காங்க, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.' அவ்வளவுதான். ரிசீவரை வைக்கல. தொங்க விட்டுட்டுப் போனாரு. காலடிச் சத்தம் கேட்டுச்சு."

நர்ஸ் உதட்டை மட்டும் அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தாள். நல்லவேளை என்ற இடத்தில் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அக்கா சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். அதன்பின் நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிற்பகல் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை போய், வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். அதே மேசை, அதே கேள்வி. இந்த முறை உட்கார்ந்து கேட்டாள்.