குழந்தைங்க தொட்டி

எங்க வூட்டுக் கூடத்துல, டிவிக்குப் பக்கத்துல, ஒரு கண்ணாடித் தொட்டி கீது. அதுக்குள்ள கட்டம் கட்டமா ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டி. ஆபீசுங்கள்ல டியூப் லைட்டுக்குக் கீழ மாட்டுவாங்களே, அதேதான். சுங்குவார்சத்திரம் காயலாங்கடையில கெடந்துச்சு. அதுக்குக் கீழ குந்திக்கினு எந்த மேனேஜர் யாரைத் திட்டுனானோ, இன்னிக்கு அதும்மேல பவளம் குந்திக்கினு கீது. வாங்கியாந்தது எங்க மாடியில குடியிருந்த பொண்ணு, கம்பெனியில லைன் லீடரு.

நான் கம்பெனி பஸ் ஓட்டுனவன். ஷிப்டு முடிஞ்சு ஏறுற பொண்ணுங்க சீட்ல சாஞ்ச உடனே தூங்கிடும். வாயத் தொறந்துக்கினு, டிபன் டப்பாவக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்கும். இது ஒண்ணு மட்டும் தூங்காது, போன்ல கடலுக்கடியில எடுத்த படமா பாத்துக்கினே வரும். தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. அந்தப் பழக்கத்துலதான் பிள்ளைப்பாக்கத்துல எங்க மாடிக்குக் குடிவந்துச்சு. ஒரு பாய், ஒரு ஸ்டவ்வு, அப்புறம் நாலு ஆளு தூக்குற மாதிரி ஒரு தொட்டி. உள்ள உப்புத்தண்ணி, கல்லு, கல்லும்மேல சதை சதையா ஆடிக்கினு என்னென்னவோ. "இன்னாமா இது, பூவா?"ன்னு கேட்டேன். "உசுரு தாத்தா. வாய் இருக்கு, திங்கும்"னுச்சு. கடல்லருந்து புடுங்குனது இல்லியாம். மெட்ராஸ்ல இந்த மாதிரி வளக்குறவங்க வெட்டி வெட்டி ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிறதாம்.

தெருவுல சும்மா இருப்பாங்களா? "புருஷன் இல்ல, புள்ள இல்ல, பாசிக்குக் கரண்ட் பில்லு கட்டுது பாரு"ன்னு எதிர்வூட்டம்மா அதுங்காதுல வுழற மாதிரியே சொல்லும். இது படியில நின்னுக்கினு, "உங்க மவன் பைக்கை முறுக்கிக்கிட்டே பெட்ரோலக் காலி பண்ணுதான், நான் கேட்டேனா யக்கா?"ன்னு திருப்பிக் குடுக்கும். அதோட அண்ணங்காரன் வேற, வேலைய வுட்டுட்டு வா, மாப்ள பாத்தாச்சுன்னு போன் மேல போன். ஒரு நாள் இது மாடியிலருந்து கத்துச்சு பாருங்க, கீழ எனக்கே கேட்டுச்சு: "தொட்டியில உசுரு இருக்க வரைக்கும் நான் இங்கனதாம்ணே இருப்பேன். அது போச்சுன்னா நானே பெட்டியக் கட்டிட்டு வாரேன்!"

அப்புறந்தான் இந்தச் சின்னத் தொட்டி. மாடியில எடம் இல்ல, எங்க கூடத்துல கேட்டுச்சு. எங்க வூட்டம்மா மொணமொணன்னுகினே டிவிய நவுத்திக் குடுத்தா. தட்டிய அளவா அறுத்து, நாலு பைப்புத் துண்டக் காலா வெச்சு, தண்ணிக்குள்ள நிக்க வெச்சுச்சு. மாடித் தொட்டியில இருந்த பவளத்தக் கட்டராலக் கத்தரிச்சு, துண்டு துண்டா, மாத்திரை மாதிரி இருக்குற வட்டக் கல்லுல பசை போட்டு ஒட்டுச்சு. நான் கேட்டேன், "வெட்டுனா செத்துப்பூடாதா?" "வெட்டுனாத்தான் பெருகும் தாத்தா." மாடித் தொட்டித் தண்ணியவே பைப் போட்டு இதுக்கும் இறக்கிட்டா வேலை மிச்சமாச்சேன்னு கேட்டேன். வாணாம்னுடுச்சு. ஒரே தண்ணின்னா ஒண்ணு கெட்டா ரெண்டும் கெட்டுப்போவுமாம்.

ஆயுதபூசை வந்துச்சு. இந்தப் பக்கம் அன்னிக்கு மோட்டார் ஓடுற எதுவும் பொட்டு வாங்காம தப்பாது. கம்பெனி மிசின், பஸ்ஸு, கிரைண்டரு, எல்லாத்துக்கும் உண்டு. பொண்ணு லீவு சேத்துப் போட்டு ஊருக்குப் போயிருந்துச்சு. தண்ணி வத்துனா ஊத்துங்க ஆச்சின்னு வூட்டம்மாகிட்ட சொல்லிட்டுப் போச்சு. இவ பாலாத்துப் பாலத்தத் தாண்டுறப்போ பஸ் ஜன்னல் வழியா காசு போடுற ஆளு. மேல மோட்டாரும் ஓடுது, கடலும் கீது, வுடுவாளா? பொட்டு வெச்சு, பித்தளைக் காசா ஒரு கை அள்ளிப் போட்டு வேண்டிக்கினா. கீழ வந்தா கையில ஒரு காசு மிச்சம். சின்னத் தொட்டியப் பாத்துட்டு, "இது குழந்தைங்க தொட்டி, காசை வாயில போட்டுக்கும்"னு முந்தானையில முடிஞ்சிக்கினா.

பொண்ணு திரும்பி வந்தப்போ மேல எல்லாம் வெந்த மாதிரி சுருங்கி, நாத்தம். காசுல இருந்த செம்பு கரைஞ்சிருச்சாம். அதுங்களுக்கு அது வெஷமாம். "நாந்தாம்மா போட்டேன்"னு வூட்டம்மா அழுதா. பொண்ணு தண்ணிக்குள்ள கைய வுட்டுக் காசை ஒவ்வொண்ணாப் பொறுக்குச்சு. அப்புறம், "என்ன வேண்டுனீங்க ஆச்சி?"ன்னு கேட்டுச்சு. "உனக்குக் கல்யாணம் ஆவணும்னு." அது அழுதுக்கினே சிரிச்சுது பாருங்க. "பலிச்சிரும் போலயே ஆச்சி!"

பலிக்கத்தான் பாத்துச்சு. சேதி எப்பிடியோ போயி, அண்ணன் சாமான் ஏத்த குட்டியானை வண்டி எடுத்துக்கினு வந்துட்டான். "செத்துட்டுல்லா? சொன்ன சொல்லுக்குக் கிளம்பு." பொண்ணு அவன் கையப் புடிச்சு எங்க கூடத்துக்கு இட்டாந்துச்சு. நீல லைட்டுல துண்டுங்க எல்லாம் வாயத் தொறந்துக்கினு ஆடுது. "இது வேற தொட்டில்லா?"ன்னான். "அதே உடம்புதாம்ணே, அதுல வெட்டுனது. உசுரு இருக்கா இல்லியா? பாத்துச் சொல்லு." அவன் என்னாண்ட திரும்பி, "பெரியவரே, நீங்களாச்சும் புத்தி சொல்லக்கூடாதா?"ன்னான். "சொல்றேம்பா. வண்டி எங்க கேட்ட மறைச்சிக்கினு கீது, எடுத்துடு"ன்னேன்.

காலி வண்டிதான் போச்சு. பெரிய தொட்டியில கல்லு, மண்ணு எல்லாத்தையும் வாரி எறிஞ்சிட்டு, இந்தத் துண்டுங்கள வெச்சே மறுபடி ஒரு கடல உண்டாக்குச்சு. இப்ப சிங்கப்பெருமாள் கோவிலாண்ட சொந்தமா வூடு வாங்கிப் போயிருச்சு. கல்யாணம் ஆச்சான்னு கேக்குறீங்களா? எதிர்வூட்டம்மாவும் அதத்தான் கேட்டுது. போயி அந்தப் பொண்ணாண்டயே கேட்டுக்கன்னேன்.

சின்னத் தொட்டிய எங்களுக்கே வுட்டுட்டுப் போச்சு. எங்க பையன் ரெண்டு மாசமா நச்சரிக்கிறான். இத எடுத்தா கூடத்துல கட்டில் போட்டு ஆள் வெக்கலாம், வாடகை வரும்ங்கிறான். அதுல உசுரு கீற வரைக்கும் அது இங்கதான்டான்னு சொல்லிட்டேன். இப்ப அந்த வெள்ளைத் தட்டியில வெள்ளையே தெரியல, மூடிக்கினு வளந்துருச்சு. நேத்து காயலாங்கடைக்குப் போயி, இன்னொரு தட்டி எடுத்து வெய்யின்னு சொல்லிட்டு வந்தேன்.