ஏறக்குறைய நூற்றியெண்பது

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலம் கட்டப் படித்தவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். இப்படி நினைக்கச் சொல்லி யாரும் என்னைத் தூண்டவில்லை. முழுக்க என் சொந்தத் தயாரிப்பு.

எழுபதுகளின் கடைசி. சிவில் இஞ்சினியரிங் முடித்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தேன். ஆலை வாசலில் நின்ற வகையில் சட்டையில் படிந்த சுண்ணாம்புத் தூசிதான் மிச்சம். வேப்பந்தட்டையில் எங்கள் தெருவே என்னை ‘இஞ்சினியர்’ என்று கூப்பிட்டது. கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றாலும் கூப்பிட்டது. நான் படித்தது கட்டடம், மோட்டார் இல்லை என்றால், “அப்ப என்னத்தடா படிச்ச?” என்றார்கள். நியாயமான கேள்வி.

பெரம்பலூரில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை. தலைமையாசிரியர் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். “இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும் சார். உங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகத்துல நான் பேசுறேன்” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் பஸ்ஸில் தொங்கினேன். அப்பா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. “வேல நிரந்தரமான்னு கேக்குறாங்கடா. நான் இருமிட்டு வந்துர்றேன்” என்பார்.

பத்தாம் வகுப்புக்குத் தேற்றம் நடத்த வேண்டும். ‘தரவு, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம்’ என்று புத்தகத்தில் உள்ளதை நெட்டுருப் போட வைப்பது வாத்தியார்கள் வழக்கம். நான்தான் இஞ்சினியர் ஆயிற்றே! ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து, பாகைமானி வைத்து மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொன்னேன். ஒருத்திக்கு நூற்றியெழுபத்தெட்டு வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு நூற்றியெண்பத்து மூன்று. “பரவால்ல, ஏறக்குறைய வந்தாப் போதும். இஞ்சினியருக்கு அவ்வளவுதான்” என்றேன் பெருமையாக. பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். நிரூபணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் வந்துவிட்டது. கல்வி அதிகாரி நேராக என் வகுப்புக்கே வந்து, முதல் பெஞ்சுப் பெண்ணை எழுப்பினார்.

“முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டுனா எவ்வளவும்மா?”

“ஏறக்குறைய நூத்தியெண்பது சார்.”

“என்னது, ஏறக்குறையவா?”

“கொஞ்சம் கூடும், கொறையும் சார். வரையிறவங்களப் பொறுத்தது.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“கணக்கு வாத்தியார் என்ன படிச்சிருக்காரு?”

“பி.இ. சார்” என்றார் தலைமையாசிரியர், வீட்டில் யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வதுபோல.

“இவரு கட்டுன கட்டடம் ஏதாவது இன்னும் நிக்குதா?”

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் கேட்டது மறந்துபோகலாம். நான் சிரித்தது இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சரியாகத்தானே சொன்னோம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “அவரு பேசுனத விடுங்க சார், சமாளிச்சிடலாம். ஆனா வெறுங்கையோட நிர்வாகத்துக்கிட்ட என்னால பேச முடியாது. ஒரு பி.எட். முடிச்சிட்டு வாங்க. எடத்த வச்சிருக்கேன்.”

மனிதர் நல்லவர். மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆபீஸில் என் சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். முதல் வகுப்பு என்று போட்டிருந்த பக்கம் மேலே தெரியும்படிதான் நீட்டினேன். கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பி.எஸ்ஸி. சர்ட்டிபிகேட் எங்க?”

“பி.எஸ்ஸி. இல்லீங்க, பி.இ. அஞ்சு வருசப் படிப்புங்க. கணக்குதான் முக்காவாசி.”

அவர் அதை என் பக்கமே தள்ளினார்.

“பி.எட்.ங்கிறது டிகிரி முடிச்சவங்களுக்கு சார்.”